தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது

பாரிட் புந்தாரில் இருக்கும் மச்சான் பத்துமலைக்கு,

சிம்பாங் பூலாயிலிருந்து உடையப்பன் சொல்லி எழுத வைத்தது. எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை. உன் அக்காள் நல்லம்மாள் சுகமா என்பதைக் கடைசி வரைக்கும் படித்துத் தெரிந்துகொள்.

எழுதுவது பக்கத்து வீட்டு ரோசரி டீச்சர். நான் கோபத்தில் எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிவிடுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். எழுதுகிறார். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரவாயில்லை. நீயும் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான், எந்த வார்த்தை என்று உனக்கே தெரியும்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. போன வாரம் என் மகள் விமலா சிலிபினிலிருந்து வந்திருந்தபோது அவள் போனில் அடித்தேன். எடுத்தாய். என் குரல் கேட்டதும் "லைன் சரியில்ல மச்சான், அப்பறம் பேசுறேன்லா" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மூடி வைத்தாலும் உன் வீட்டில்தான் கிடக்கும். நீ ஆறாவது வரைக்கும் படித்தவன். மருமகளைப் படிக்கச் சொல்லாதே. தனியாக உட்கார்ந்து நீயே படி.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. பின்னால் ஓடும் கால்வாயில் தண்ணீர் கரை முட்டப் போகிறது. அந்தக் கால்வாய்தான் நமக்கு வாத்தைக் கொண்டுவந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெருமழை விட்டதும் கரையில் ஒதுங்கிக் கிடந்த குஞ்சை உன் அக்காள் வாளியில் போட்டு எடுத்து வந்தாள். வளர்ந்ததும், தோட்டத்தில் நம்மை வேலை வாங்கிய பழைய மண்டோர் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து எல்லாரையும் அதட்டியது. அதனால் அதற்கு மண்டோர் என்றே பேர் வைத்தாள். விமலா கல்யாணமாகிப் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த வாத்திடம்தான். என்னிடம் சோறு, மருந்து, மின்சார பில் பற்றிப் பேசுவாள். அதனிடம் மற்ற எல்லாவற்றையும் பேசுவாள்.

கால்வாயில் உடும்பு இருக்கிறது. எதிர்வீட்டுக் கோழிகளை மூசாங், அந்த மரநாய், தூக்கிப் போனது. மலைப்பாம்பும் உண்டு. அதனால்தான் வாத்துக்குக் கூண்டு கட்ட உன்னைக் கூப்பிட்டேன். வேலி கட்டுவதில் நீ கெட்டிக்காரன், பினாங்குக்காரர்கள்கூட உன்னைத் தேடி வருவார்கள். அன்றைக்கு நீ கொல்லையில் குந்தி உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கோடு போட்டு எனக்கு விளக்கினாய். "கோழி வலை வாத்தை உள்ள வச்சிருக்கும் மச்சான், உடும்ப வெளிய வைக்காது. கெட்டிக் கம்பி வலைதான் போடணும். அதையும் தரையோட நிறுத்தக் கூடாது. நாலு பக்கமும் மண்ணுக்குள்ள எறக்கி, வெளிப்பக்கமா மடிச்சு விடணும். உடும்பு தோண்டுனா நகம் கம்பியில மாட்டும். அது வெறுத்துப் போயிரும்." நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குள் இருக்கிறது. எழுதத் தெரியாதவனுக்கு எழுதி வைக்கும் இடம் இது ஒன்றுதான்.

பச்சைப் பூச்சுப் போட்ட கம்பி வலை ஒரு முழுச் சுருள் வாங்கினோம். வாசல் கேட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த உன் அக்காள் அந்தச் சுருள் மேல் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். நீ அவளைக் கேலி பண்ணினாய். "என்னக்கா, வாத்துக்கு மஞ்சத் தண்ணி ஊத்துறியா?" அவள் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

முன்பக்கம் நீ தோண்டியதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். வலை இறங்கியது, மடிந்தது, மண் மூடியது. பிறகு கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் வேண்டும், மூசாங் கையாலேயே திறந்துவிடும் என்று சொல்லி என்னை ஈப்போவுக்கு அனுப்பினாய். நான் பஸ் பிடித்துப் போய்த் திரும்பி வருவதற்குள் மற்ற மூன்று பக்கமும் மூடியாகிவிட்டது. "கிண்டிப் பாக்காதீங்க மச்சான், மண்ணு பிடிப்பு விட்டுரும்" என்றாய். நான் கிண்டவில்லை. பெண் கொடுத்த வீட்டு ஆள் செய்த வேலையைத் தட்டிப் பார்ப்பது நம் வழக்கமில்லை. அது உன்னைத் திருடன் என்று சொல்வதுபோல. அதுவும் நீ கூண்டு வாசலில் சூடம் கொளுத்தி, எலுமிச்சை அறுத்து வைத்து, முனியாண்டி மேல் ஆணையாக இதற்குள் ஒன்றும் நுழையாது என்று சொன்ன பிறகு எவன் கிண்டுவான்?

ஆடித் திருவிழாவுக்கு நீ வந்து தங்கியிருந்தபோதுதான் மண்டோர் போனது. அன்று காலையில் முதலில் எழுந்தவன் நீ. நீ கத்திய சத்தத்தில்தான் நாங்கள் ஓடி வந்தோம். கூண்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே இறகு. "தாழ்ப்பா போடாம கெடக்கு மச்சான், அக்கா மறந்துருச்சு போல" என்றாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள். "போட்டேனே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போட்டதாத்தான் நெனைக்கிறேன்" என்றாள். நீ அவள் தோளில் கை வைத்து, "வயசாயிட்டா மறதி வர்றதுதான்க்கா, அழுவாத" என்று தேற்றினாய். தோளில் வைத்த அந்தக் கை ஈரமாக இருந்தது. நகக் கண்ணில் மண் இருந்தது. வாத்துக்காக மண்ணில் விழுந்து தேடியிருக்கிறான் பாவம் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு உன் அக்காளுக்கு நடந்ததைக் கேள். முதலில் கேஸ் அடுப்பைப் பற்ற வைப்பதை விட்டாள், அணைக்க மறந்துவிடுவேனாம். நான்தான் இப்போது சமைக்கிறேன். அதன் ருசியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமலாவின் கைக்குழந்தையை மடியில் வாங்க மாட்டேன் என்கிறாள், "எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துருவேன்டி" என்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். வயசுக்கு ஏற்ற மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவள் நம்பவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், அவங்களா அந்தக் கதவைப் பார்த்தாங்க என்கிறாள்.

உன் பேத்தியின் காதுகுத்துக்கு அவள் ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன். காய்ச்சல் இல்லை. அத்தனை பேர் நடுவில் எதையாவது மறந்து உன் மானத்தை வாங்கிவிடுவேன் என்று சொன்னாள். உன் மானத்தை, பத்துமலை.

அந்தக் காதுகுத்து விருந்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ உன் வீட்டுக் கொல்லைக்கு வந்தேன். உன் கட்டுச் சேவல்களின் கூண்டைப் பார்த்தேன். பச்சைக் கம்பி வலை. மூலையில் கை அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை. நீயே வந்து மூடினாய். நான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நீயும் பார்த்தாய். "பாயசம் சாப்பிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். விருந்து வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நீ போன் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்காள் தூங்கப் போன மத்தியான வேளையில் மண்வெட்டி எடுத்தேன். முன்பக்கம் வலை நீ சொன்னபடியே கீழே போகிறது. மற்ற மூன்று பக்கமும் கூண்டின் அடிப்பலகையோடு நின்றுவிட்டது. கீழே வெறும் மண். பின் மூலையில் இருந்த கற்றாழைச் சட்டியை நகர்த்தினேன். அது எப்போதும் குழாயடியில் இருக்கும் சட்டி. யார் அங்கே கொண்டுபோய் வைத்தது என்று நான் அதுவரை யோசிக்கவில்லை. அதன் கீழே உடும்பு பறித்த பொந்து. அதற்குள் உடைந்த செங்கல்லைத் திணித்து மண் போட்டு மிதித்திருந்தது. உடும்பு செங்கல் அடைக்காது, மச்சான்.

ஆக, அன்று காலையில் நீ எழுந்து வந்தபோது தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. பொந்தை அடைத்தாய், சட்டியை வைத்தாய், கையைக் கழுவினாய், கதவைத் திறந்து வைத்தாய். பிறகுதான் கத்தினாய்.

சுருளில் பாதி வேண்டும் என்று கேட்டிருந்தால் முழுதையும் கொடுத்திருப்பேன். கம்பியை எடுத்தது எனக்குப் பெரிதில்லை. வாத்துகூட, சொல்லப் போனால், ஒரு நாள் சாகிற உயிர்தான். உன் சேவலுக்காக உன் அக்காளின் புத்தியை எடுத்துக்கொண்டு போனாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பழசு ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் உன் அம்மா வெட்டிய பால் வாளியை நீ விளையாட்டில் உதைத்துக் கொட்டினாய். நான் அடுத்த நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பழைய மண்டோர் வந்து கேட்டபோது நல்லம்மாள் உன்னை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நான்தான் தட்டிவிட்டேன் என்றாள். உன் அம்மா ரப்பர் விளாரால் அவளை விளாசியபோதும் மாற்றிச் சொல்லவில்லை. நீ பின்னால் நின்று விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாய். அப்போது நீ சின்னப் பிள்ளை. இப்போது உனக்கே பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது.

நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். மண்ணைக்கூடக் காட்டினேன். "எனக்காக நீங்களே தோண்டி வச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். "என் தம்பி அப்படிச் செய்வானா?" என்றாள். என் வாயால் சொன்னால் அது ஆறுதல் ஆகிவிடுகிறது. உன் வாயால் சொன்னால்தான் அவளுக்கு அது உண்மை.

கூண்டை நான் இன்னும் பிரிக்கவில்லை. சாயங்காலம் மழை விட்டதும் அவள் குடை பிடித்துக்கொண்டு போய், உள்ளே ஒன்றும் இல்லாத அந்தக் கூண்டின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறாள். படுக்கும் முன் என்னைக் கேட்கிறாள், "நான் போட்டேனா?" என்று. போட்டாய் என்கிறேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எழுந்து போகிறாள்.

அவளுக்குப் போன் பண்ணு. என்னோடு பேச வேண்டாம். என் மன்னிப்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை, அதைத் தேடாதே. அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல், போதும்: அக்கா, நீ தாழ்ப்பா போட்டுத்தான் இருந்த. மற்றதை அவளே கேட்டுக்கொள்வாள். கேட்காமலும் விட்டுவிடுவாள், அவள் குணம் உனக்குத் தெரியும்.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். உன் சேவல்களும் நன்றாக இருக்கட்டும். அங்கேயும் வயல் பக்கம் உடும்பு உண்டு. அந்தக் கம்பியை நாலு பக்கமும் ஒழுங்காக மண்ணுக்குள் இறக்கி வை.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டியவன்
உடையப்பன்
(பெருவிரல் ரேகை)