பார்த்துக்கொள்ள ஆள் இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள், இருக்கத்தான் வேண்டும். நானும் உன் தங்கையும் இருக்கிறோம். சமையலறைக் குழாய் ஒழுகியதை ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று, என் முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசி என்னை அழ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

உன் தங்கைக்கு வேலை போய்விட்டது. என்ன வேலை பார்க்கிறாய் என்று நீ அவளை ஒருநாளும் கேட்டதில்லை, வீட்டில் உட்கார்ந்து எதையோ தட்டுகிறாள் என்று கேலி செய்வாய். பின்னறையில் இரண்டு திரை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எழுதிய குறிப்பையெல்லாம் வரி விடாமல் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் இன்சூரன்ஸ் கணக்குக்கு உரிய எண்ணைப் போடுவாள். அப்பா படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அப்பா காலமான மூன்றாவது வாரம் அவருடைய கோப்பு அவளுக்கே வந்தது. சொந்தக்காரர் கோப்பு வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அவள் திறந்தாள், கடைசி வரி வரை படித்தாள். தலைக்குள் கசிந்த ரத்தத்தை உடனே அறுவை செய்து எடுத்தால் பிழைக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று மகனிடம் போனில் விளக்கினோம், மகன் மறுத்துவிட்டார், பிழைத்தாலும் படுக்கையில்தான் கிடப்பார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார், தாயாரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார், இப்படி டாக்டர் எழுதியிருந்தாராம். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லி அறுவை நின்றுபோனால் அதற்கும் ஓர் எண் இருக்கிறதாம். அதையும் போட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.

என்னிடம் சொன்னபோது நான் அவளை அறைந்தேன். அண்ணன் மேல் இப்படிப் பழி போடுகிறாயே, நாக்கு அழுகிவிடும் என்றேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பொய்யா இருந்தா நல்லா இருக்கும்மா" என்றாள். நம்பாமல் மறுநாள் அந்த டாக்டரையே போய்க் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை, உங்களுக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், என் மகள்தான் கோப்பில் படித்தாள் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய கம்பெனி அதிகாரி திரையில் வந்து விசாரித்தபோது, அப்பா என்று தெரிந்துதான் படித்தேன் என்று ஒப்புக்கொண்டாள். அந்த வாரமே கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, கால் வீங்கி வருகிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று உன் போன் நம்பரைக் கொடுத்தது நான்தான். பெரியவன், விவரம் தெரிந்தவன், அவனிடமே பேசுங்கள் என்று நர்சிடம் பெருமையாகச் சொன்னேன். ஆள் இல்லை என்று நீ சொன்ன நேரத்தில் நானும் அவளும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "டாக்டருங்க கை விரிச்சிட்டாங்கம்மா, மனசத் தேத்திக்க" என்று அழுதாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு உன் அப்பா ஒன்றரை நாள் மூச்சு விட்டார், தெரியுமா.

அடுத்த மாதம் வந்து என்னை அழைத்துப் போவதாகச் சொன்னாய். வராதே. வந்தால் கதவைத் திறப்பேன், பெற்றுத் தொலைத்தேனே. ஆனால் அங்கே வந்து நான் படுத்தால் டாக்டர் உன்னைத்தான் கேட்பார், அந்த பயத்தோடு என்னால் தூங்க முடியாது. தங்கையிடம் பேசவும் முயற்சி செய்யாதே, அவள் எடுக்க மாட்டாள்.

உனக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரையை ஒரு நாளும் விடாதே. நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். பேரன் அச்சாக உன்னைப் போலவே வளரட்டும், உன் கடைசிக் காலத்தில் உனக்கு எது நல்லது என்று அவனே முடிவு செய்யட்டும். மனதார ஆசீர்வதிக்கிறேன்.

உன்னைப் பெற்ற
அம்மா