ஆயுத பூஜைக்கு முன் சொன்ன சாட்சியம்

5 செப்டம்பர் 2025, வெள்ளி

ஆனைமுகப் பெருமானே, உன் அடி சரண். அம்மையப்பா, இந்த ஏட்டில் நான் எழுதும் சொல்லில் பொய் புகாதபடி நீயே காவல் நில்.

பழைய கார் சாத்தூர் சாலையில் இன்று மறுபடியும் நின்றுவிட்டது. மகன் ஹரிஷ்குமார், அச்சகத்து லேபிள் கட்டுகளை வேறொருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். தனியே போனதால் அதோடு போயிற்று. கீர்த்திகா உடன் இருந்திருந்தால்?

மருமகளுக்கு இது ஏழாம் மாதம். முன்பு இரண்டு முறை தங்காமல் போயிற்று. இம்முறை இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. தலைவலியோ பார்வை மங்கலோ கண்டால் சற்றும் தாமதிக்காமல் மதுரைக்கு அழைத்து வர வேண்டும் என்று, அவள் உடம்பை முழுதும் அறிந்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சிவகாசியிலிருந்து மதுரைக்கு ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு வேண்டியது அழகிய வண்டி அன்று. நடுவழியில் நிற்காத வண்டி.

7 செப்டம்பர், ஞாயிறு

ஹரிஷ் ஒரு புது மாடலைத் தேர்ந்துவிட்டான். இந்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்ததாம். கைப்பேசியில் ஒரு சர்வேயைக் காட்டினான். அந்த வண்டியை வாங்கியவர்களிடமே கேட்டுத் தொகுத்தது. ஏறத்தாழ எல்லாருமே ‘ஒரு தொல்லையும் இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

“கம்பெனிக்காரன் சொன்னா நம்ப வேண்டாம்மா. காசு குடுத்து வாங்கினவுகளே சொல்லுதாக. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

நியாயமான கேள்விதான். காண்டல், கருதல், உரை என்று அறியும் வழிகள் மூன்று. அந்த வண்டியை நான் கண்டதில்லை. எந்திரம் தெரியாததால் கருதிப் பார்க்கவும் இயலாது. எஞ்சுவது உரை. சொல்பவர் உள்ளதை உள்ளபடி அறிந்தவராகவும், அறிந்ததை ஒளிக்காதவராகவும் இருந்தால் மட்டுமே உரையை ஏற்கலாம். கோவில் மண்டபத்துச் சித்தாந்த வகுப்பில் இதை நான் சொல்லாத ஆண்டில்லை.

சர்வேயின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: வண்டி எடுத்து மூன்று மாதத்துக்குள் கேட்கப்பட்டவை. மூன்று மாதத்தில் என்ன அறிந்திருப்பார்கள்? கேட்டேன். “ஆயிரம் பேரு ஒண்ணு சேந்து பொய் சொல்லுவாகளாம்மா?” என்று சிரித்தான்.

11 செப்டம்பர், வியாழன்

தங்கை முறையான செல்வலட்சுமியின் வீட்டில் அதே வண்டி இருக்கிறது. ஆனிக் கடைசியில் எடுத்தார்கள். முன்கட்டில் சந்தனமும் குங்குமமுமாக நின்றது. எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“அதுக்கென்னக்கா, தங்கமான வண்டி” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிக்குக் கேட்கும்படி சொன்னதுபோல இருந்தது.

14 செப்டம்பர், ஞாயிறு

மனம் ஆறாமல் மறுபடியும் போனேன். முன்கட்டு வெறிச்சென்றிருந்தது. செல்வலட்சுமியின் மகன் மணிகண்டராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை நடத்துபவன். அந்நேரம் ஓர் அழைப்பு வந்தது. கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான். கார் சர்வே எடுக்கும் பெண். எஞ்சினில் ஏதேனும் தொல்லை உண்டா? இல்லை. ஓடும்போது நின்றதுண்டா? “இல்லவே இல்ல. எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து போடுங்க.”

அழைப்பு முடிந்ததும் வண்டி எங்கே என்று கேட்டேன். சர்வீஸுக்குப் போய் இரண்டு நாளாகிறதாம். எதற்காக? அவன் இலையைப் பார்த்தான்.

“பெரியம்மா, புது வண்டி. ஒரு ஆயுத பூஜை கழியாம குறை வாயில வரலாமா? உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். புதிதாக வீடேறிய வண்டியோ எந்திரமோ முதல் ஆயுத பூஜையைக் காணும்வரை அதைக் குறை சொல்லமாட்டோம். சொன்னால் அக்குறை அதிலேயே குடியேறிவிடும் என்பது எங்கள் வகையறாவின் நம்பிக்கை. வெடிமருந்தை நம்பிப் பிழைக்கும் ஊர். நாவைக் கட்டியே பழகியவர்கள். அந்த வழக்கத்தில் நானும் ஊறியவள். ஆதலால் வற்புறுத்தவில்லை.

ஆனால் ஒரு சாட்சியம் பிறப்பதை இன்று கண்ணால் கண்டேன். அவன் பொய்யன் அல்லன். பக்தியுள்ள பிள்ளை. அதுதான் அச்சமூட்டுகிறது.

15 செப்டம்பர், திங்கள்

ஹரிஷிடம் சொன்னேன். “அவன் ஒருத்தன்மா. கோயம்புத்தூர்க்காரனும் மெட்ராஸ்காரனும் ஆயுத பூஜைக்காகவா வாயை மூடிக்கிட்டு இருக்கான்?” என்றான். இல்லைதான். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வாயை மூட ஒவ்வொரு காரணம் இராதா? அண்டை வீட்டார் கண்? தான் தேர்ந்தது தவறென்று ஒப்ப மனம் வராமை?

வண்டிக்குப் பதிவு செய்துவிட்டான். விஜயதசமியன்று எடுக்கிறோம்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. எங்கள் வீட்டுப் பூஜை முடிந்ததும் செல்வலட்சுமி வீட்டுக்கு விரைந்தேன். அவர்கள் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடிக்கும்வரை தள்ளி நின்றேன். மணிகண்டராஜே என்னிடம் வந்தான்.

“இப்பச் சொல்லலாம் பெரியம்மா. நெரிசல்ல ஊந்து போனா எஞ்சின் பொசுக்குன்னு நின்னுரும். அரை மணி நேரத்துக்குக் கிளம்பாது. மூணு தடவை நின்னாச்சு. பெத்தணன் அண்ணாச்சியோட இதே வண்டியும் அப்படித்தானாம், இன்னைக்குத்தான் சொன்னாக.”

பெத்தணன் பட்டாசுத் திரி வியாபாரி. போன மாதம் அச்சங்குளத்துத் திருமணத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, தன் புது வண்டியை வாய் ஓயாமல் புகழ்ந்தவர்.

ஹரிஷிடம் ஓடினேன். நாளைக்கு எடுக்காதே என்றேன். “ரெண்டு வண்டிம்மா. ஆயிரத்துல ரெண்டு கோளாறா வரத்தான் செய்யும்” என்றான். கணக்காகப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் அந்த இருவரும் தம் பெருமைக்கு எதிராகச் சொல்கிறார்கள். அதன் எடையை எந்த சர்வே நிறுக்கும்?

2 அக்டோபர், வியாழன்

வண்டி வந்துவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தவள் நானே. இனி அடுத்த ஆயுத பூஜை வரை என் வாயும் பூட்டு.

14 அக்டோபர், செவ்வாய்

கீர்த்திகாவுக்குக் கால் வீக்கம். அழுத்தம் குறையவில்லை.

வாடகைக் கார் ஓட்டும் பால்பாண்டியை அழைத்து, மதுரைக்குப் புறப்படும் நாளில் எங்கள் பின்னாலேயே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வண்டியைக் குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் ஹரிஷுக்குத் தெரிந்துவிட்டது. பால்பாண்டி முன்னிலையிலேயே கோபித்தான். “புது வண்டிய முன்னால விட்டு வாடகை வண்டிய பின்னால கூட்டிட்டுப் போனா ஊரே சிரிக்கும். நீ வர வேண்டாம்யா.” பால்பாண்டி தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

கீர்த்திகா கேட்டாள்: “அத்தை, வண்டிக்கு எதுவும் இருக்கா?” ஒன்றுமில்லையம்மா என்றேன்.

நான் சொன்னதும் அதே பத்துக்குப் பத்துதானே?

26 அக்டோபர், ஞாயிறு — மதுரை, மருத்துவமனை

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நேற்று முற்பகல் கீர்த்திகா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். உடனே புறப்பட்டோம். விருதுநகர் தாண்டும்வரை வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. வீணாகச் சந்தேகித்தோமோ என்றுகூட நினைத்தேன். அடுத்து ஒரு பாலம் வேலை. லாரிகளுக்கிடையே ஊர்ந்தோம் — நின்றுவிட்டது. பொசுக்கென்று, மணிகண்டராஜ் சொன்னபடியே. ஹரிஷ் மறுபடியும் மறுபடியும் பொத்தானை அழுத்தினான். பின்னாலிருந்து ஹாரன்கள். கீர்த்திகா என் கையை இறுக்கினாள். நாமம் சொல்ல வாய் திறந்தேன், நாமம்கூட வரல. தாயே, இந்தப் பிள்ளையையுமா எடுத்துக்கிடுவே? — இவ்வளவுதான் வந்தது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பால்பாண்டி.

“அம்மா, இறங்குங்க. நம்ம வண்டி அங்கன நிக்குது. பைய, பைய.”

கீர்த்திகாவைத் தாங்கி அவர் காரில் ஏற்றிவிட்டு, எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். “ஹரிஷ் அண்ணாச்சிதான் கிளம்பும்போதே போன் போட்டு, ரெண்டு வண்டி தள்ளி வரச் சொன்னாக. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாக.” ஹரிஷ் என் பக்கம் திரும்பவே இல்லை. புது வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் ஏறினான்.

மாலையில் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். மிகச் சிறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டாக்டரம்மா, முடிக்காமல் போய்விட்டார்.

29 டிசம்பர், திங்கள்

மார்கழி. விடியலில் பாராயணம் முடித்து வந்தபோது பேத்தி எழில் விழித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எடை கூடியிருக்கிறது. அழுகைக்கும் வலு வந்துவிட்டது.

மாலையில் செல்வலட்சுமி பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். ஹரிஷ் எழிலைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அதே சர்வே, வண்டி எடுத்து மூன்று மாதம் ஆகப்போகிறதே. ஓடும்போது நின்றதுண்டா என்று கேட்டாள் அந்தப் பெண்.

செல்வலட்சுமி வேண்டாம் என்று கையசைத்தாள். முன்கட்டில் வண்டி சந்தனப் பொட்டோடு நின்றது. அதன் முதல் ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தனையோ மாதம். ஹரிஷ் என்னைப் பார்த்தான். நான் எழிலைப் பார்த்தேன்.

“நின்னுச்சும்மா. நடுரோட்டுல. எம் பொண்டாட்டி உயிருக்குப் போராடிக்கிட்டு உள்ள இருந்தா.”

அந்தப் பெண், இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

“பார்ட் மாத்திக் குடுத்திருக்காக. இப்ப ஓடுது. அதையும் போடுங்க. ஆனா நின்னத முதல்ல போடுங்க.”

செல்வலட்சுமி எழுந்து போய் ஓர் எலுமிச்சை கொண்டுவந்து வண்டியைச் சுற்றிப் போட்டாள். நான் தடுக்கவில்லை. பிறகு என் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில், “அந்தப் பொண்ணு மணிகண்டனுக்கும் மறுபடி போன் போடுவாளாக்கா?” என்று கேட்டாள்.

இதை என்றேனும் விரித்து வாசிப்பவரே, நீர் யாராயினும் உம் மனையில் விளக்கு அணையாதிருக்கட்டும். உம்மவர் ஏறும் வண்டி சேரிடம் சேரட்டும். உம்மிடம் சொல்பவர் நின்றதை நின்றது என்றே சொல்லட்டும். அம்மையப்பன் காக்க.