கூட்டி எழுதிய வேகம்

நாள் 71, 08:40
நிலவின் தென்முனை, பனிச்சுரங்கத் தளம். எழுதுவது நரம்பியல் ஆய்வாளர் மீனலோசனி. இங்கே இரண்டே பேர்: நானும் சுரங்கப் பொறியாளர் ஜெபர்சனும். வாரம் ஒருமுறை எங்கள் மணிக்கட்டில் மின்துடிப்பு கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளக்கிறேன். ஆரோக்கியமானவர்களுக்கும் இந்த எண் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதுதான் ஆய்வு. அவர் வினாடிக்கு 57 மீட்டர், நான் 58. இருவரும் நலம்.

நாள் 92, 08:55
ஜெபர்சன் 51. கை குளிர்ந்தால் வேகம் குறையும், டிகிரிக்கு இரண்டு மீட்டர் வீதம். முறைப்படி கையைக் கால்மணி நேரம் வெந்நீரில் வைத்து, தோல் 32 டிகிரிக்கு வந்தபிறகுதான் அளக்க வேண்டும். அவருக்கு அவசரம், எனக்குச் சோம்பல். தோல் 29 இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆறு கூட்டினேன். 57. என் கை 54 காட்டியது. அதற்கும் நான்கு கூட்டினேன்.

நாள் 113, 09:05
அவர் 45. ஸ்பேனர் இரண்டு தடவை கைநழுவியதாம், விரல் மரத்துப்போகிறதாம். குளிர்தான், பயப்படாதீர்கள் என்றேன். பன்னிரண்டு கூட்டி 57 என்று பதிந்தேன். வரைபடத்தில் கோடு நேராக, அழகாக வருகிறது.

நாள் 115, 14:20
ஆன்டெனா பழுது. பூமியோடு தொடர்பு அறுந்துவிட்டது. கோபுரம் சுரங்கக் குழியின் விளிம்பில் இருக்கிறது. ஏறலாமா என்று ஜெபர்சன் கேட்டார். என் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, ஏற உடல்தகுதி உண்டு என்று கையெழுத்திட்டேன்.

15:02
வானொலியில் அவர் சொன்னது, அப்படியே: "டாக்டரே, ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. நான் கயித்தப் பிடிச்சிருக்கேனா? எனக்குத் தெரியல்ல."
கேமராவில் பார்த்தேன். விரல்கள் விரிந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் விழுந்துவிட்டார். குழியின் ஆழம் முந்நூறு மீட்டர்.

நாள் 116, 06:30
இன்று முறைப்படி செய்தேன். வெந்நீர், கால்மணி நேரம், 32 டிகிரி. என் கை 46. குளிர் இல்லை.
தண்ணீரைச் சோதித்தேன். நரம்பைக் கெடுக்கும் குளிரூட்டித் திரவம் குடிநீர்த் தொட்டியில் கசிந்திருக்கிறது. உடல் உழைப்பு அவருக்கு, என்னைவிட இரண்டு மடங்கு குடிப்பார். நாள் 92-இல் அவர் கையை வெந்நீரில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கால்மணி நேரத்தை மிச்சம் பிடித்து ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். குளச்சலில் இருக்கும் அவர் மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

நாள் 131, 10:10
38. பனி வெட்டும் எந்திரத்தை இயக்க அவர் இல்லை; வேறு தண்ணீர் இல்லை, அதையேதான் குடிக்கிறேன். அடுத்த விண்கலம் நாள் 180-இல். நான் கூட்டிய எண்களையெல்லாம் அழித்து, கருவி காட்டியதையே திரும்ப எழுதிவிட்டேன். அவருடைய கோடு இப்போது சரிவாக இறங்குகிறது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

நாள் 149, நேரம் தெரியவில்லை
ஒரு விரலால் தட்டுகிறேன். வருகிறவர்கள் இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஜெபர்சன் மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னை நம்பித்தான் ஏறினார்.
கையை வெந்நீரில் வைத்தேன். சூடு தெரியவில்லை. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் எடுத்தேன்.
27
எதுவும் கூட்டவில்