பையின் அடியில் இருந்த களிம்பு

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

பிள்ளைக்கு இன்றோடு பத்தொன்பது நாள். முலைக்காம்பு இரண்டும் வெடித்து, அவன் வாய் வைத்தாலே உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பால் கொடுக்கிறேன். முதல் வாரமே உனக்குப் போன் செய்தேன். "பால் குடுக்கிறதுல என்னடி வலி? எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று சிரித்தாய். என் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்து, அதன்பின் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்த நர்ஸ் பார்த்த உடனே சொன்னார்: "காம்பை மட்டும் கவ்வுறான்மா. சுத்தியிருக்கிற கருவட்டமும் வாய்க்குள்ள போகணும்." அவன் வாயை நன்றாகத் திறக்கவிட்டு அணைத்துப் பிடிக்க வைத்தார். பாதி வலி அப்போதே குறைந்தது. புண்ணுக்கு ஒரு களிம்பும் தந்தார்.

இன்று, உன் பிள்ளையின் பழைய துணிகளைப் போட்டு நீ கொடுத்தனுப்பிய பையில் இவனுக்குச் சட்டை தேடினேன். அடியில் அதே களிம்பு. குழாயை வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிப் பொட்டு வரை பிதுக்கியிருக்கிறாய்.

"எனக்கும் வலிச்சுதுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். பை அடுத்து அவளுக்குப் போகிறது. புதுக் களிம்பு ஒன்றையும் உன் காலிக் குழாயையும் மேலேயே வைத்திருக்கிறேன். காலிக் குழாய் யாருடையது என்று கேட்டால், உன்னிடமே கேட்கச் சொல்வேன்.

உன்னை நம்பிய
தங்கை