சுவரின் நம் பக்கம்

கராச்சர்மா,
பொங்கல் முடிந்த மறுவாரம்.

அன்புள்ள அத்தானுக்கு,

அமிர்தவல்லி எழுதுவது. நானும் சௌமியாவும் இங்கே சுகம். கடைசித் தீவில், கேம்ப்பெல் பேயில் நீங்களும் சுகம் என்று கப்பலில் வருகிறவர்கள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். ரொம்ப இளைத்துவிட்டீர்கள் என்றும் சொன்னார்கள். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்திரப்படுத்தி வைக்காமல் சாப்பிடுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வீட்டுப் பேச்சை எடுத்தாலே டியூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். எப்போது கூப்பிட்டாலும் டியூட்டிதான். நீங்கள் ஒரு நிமிஷம் நகர்ந்தால் அந்தத் தீவே இருண்டுவிடும் போலிருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. மடித்து வைக்கலாம், பிறகு பிரித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே தண்ணீர்க் கஷ்டம் ஆரம்பித்துவிட்டது. குழாயில் வந்த அன்றைக்கு மாடியிலிருந்து வீட்டுக்காரர் 'பானி ஆயா, பானி ஆயா' என்று போடும் சத்தத்தில் தெருவே குடத்தோடு ஓடுகிறது. மற்றபடி நல்ல மனிதர். வாடகையைக் கூட்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருந்த டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள். புயலுக்குப் பிறகும் பக்கத்துப் பாதியில் குடியிருந்த கரீமாவையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் டீச்சர் என்பதால் வேறு குவார்ட்டர்ஸ் உடனே கிடைத்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் கான்ட்ராக்டர் ஆள் இறக்குகிறாராம். அதற்குப் பிறகு அந்த நடுச்சுவரும் இருக்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். புயலில் மழைமரம் நம் பாதியின் மேல் விழுந்தது. நீங்கள் பெரார்கஞ்சில் மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தீர்கள். நான் சௌமியாவைக் கல்லூரியில் விட மெயின்லேண்ட் போயிருந்தேன். வீட்டில் ஸ்ரீதர் மட்டும் இருந்தான். அவன் பெயரை எழுதிவிட்டேன் அத்தான். மடிக்காமல் மேலே படியுங்கள்.

சௌமியா படித்து முடித்து வந்ததிலிருந்து அந்தச் சுவரையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பு நம் கூடத்தின் உள்சுவர், இப்போது வெட்டவெளியில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் அடித்த பச்சை பெயின்ட் இன்னும் போகவில்லை. அலமாரி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. ஸ்ரீதர் வைத்த சுவிட்ச் போர்டும் அப்படியே இருக்கிறது. பீச்சாங்கைக்காரன் வைத்தால் இப்படித்தான், வீட்டுக்குள் வருகிறவன் தேடித்தேடிச் சாக வேண்டும் என்று திட்டுவீர்களே, அதுதான். தண்ணீர் குடிப்பதற்கும் அவனுக்கு அதே கை. 'வலது கையால குடிடா' என்று நீங்கள் தினமும் சொல்வீர்கள். 'தண்ணிக்குத் தெரியுமாப்பா எந்தக் கைன்னு' என்று அவனும் தினமும் சொல்வான். உங்கள் வழக்கு கடைசிவரை தீரவே இல்லை.

அந்தச் சுவரில் புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டப் போகிறாளாம். சினிமாவா என்று கேட்டேன். இல்லையாம், சுவரில் படம் காட்டுவது இல்லையாம், படத்தால் சுவரை இல்லாமல் ஆக்குவதாம். ஒளியை அளந்து போட்டால் தட்டையான சுவர் பின்னால் போய் அறையாகத் திறக்கும் என்கிறாள். இதற்காகவா நாலு வருஷம் ஃபீஸ் கட்டினோம் என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை. சுவரில் ஒவ்வொரு ஆணித்துளையையும் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நம் வீட்டைக் காட்ட நம்மிடம் படம் இல்லை. ஆட்களைத்தான் எடுத்திருக்கிறோம். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் அரை ஜன்னல், உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு மூலை, அவ்வளவுதான். அதனால் கரீமாவின் காலி வீட்டைப் படம் எடுக்கிறாள். அவர்கள் வீடு நம் வீட்டைக் கண்ணாடியில் பார்த்தது போலத்தானே. நமக்கு அடுப்படி வலப்பக்கம், அவர்களுக்கு இடப்பக்கம். எடுத்ததை இடவலமாகத் திருப்பிவிட்டால் நம் வீடு வந்துவிடும் என்கிறாள். கரீமா மகன் ஃபைசான்தான் சாவி வாங்கி வந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கூடவே நிற்கிறான். இரண்டு பையன்களும் ஒன்றாக வளர்ந்தவர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் இரண்டு தடவை நம் பாதிக்குப் போனேன். தரை மட்டும் இருக்கிறது, நடுவில் புல். வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றினேன். கூடத்திலிருந்து அடுப்படிக்கு நேராக நடக்கலாம், தடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் என் கால் சுற்றிக்கொண்டு கதவு இருந்த வழியாகத்தான் போனது. பிறகு பார்த்தால் சௌமியாவும் அப்படித்தான் போகிறாள்.

இடிப்பதற்கு முன் நீங்கள் ஒரு தடவை வந்துவிட்டுப் போகலாம். லீவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அம்பாள் துணை இருக்கட்டும். பதில் எழுதுங்கள்.

அமிர்தவல்லி


கராச்சர்மா,
மாசி பிறந்துவிட்டது.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. ஊறுகாய் வந்து சேர்ந்தது, அந்தச் சுவரில் கரன்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஆணி அடிக்க வேண்டாம், இப்படிக்கு ஈஸ்வரன், அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். எங்கள் மேல் உங்களுக்கு இருக்கிற பாசமெல்லாம் டெஸ்டர் வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கரன்ட் இல்லை.

படம் காட்டினாள். இந்த ஊரில் சாயங்காலமே இருட்டிவிடுகிறது என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன், முதல் தடவையாக அது உபயோகப்பட்டது. பழைய காலனி ஆட்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். கரீமாவும் ஃபைசானும் வந்திருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் அறை அறையாகத் தெரியுமாம். கொஞ்சம் தள்ளி நின்றாலும் எல்லாம் கோணலாகிவிடும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். நின்ற பிறகுதான் தெரிந்தது, அது உங்கள் நாற்காலி கிடந்த இடம். யாரைக் கேட்டு அங்கே போட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

முதலில் வெள்ளைக் கோடுகள் வந்தன. அலமாரித் தடத்தைச் சுற்றி ஒன்று, சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒன்று. ஆணித்துளைகள் ஒவ்வொன்றாக மினுங்கின. பிறகு சுவர் மெதுவாகப் பின்னால் போனது. நகரவில்லை என்று தெரியும், இருந்தாலும் நான் கையை நீட்டிவிட்டேன். கூடம் திறந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் சாய்ந்து விழுந்திருந்தது. வலப்பக்கம் அடுப்படிக் கதவு. நம் வீடு அத்தான். ஒரு பொருள்கூட இல்லாமல், பெருக்கித் துடைத்து வைத்த நம் வீடு.

அப்போது அடுப்படியிலிருந்து ஒருவன் வந்தான். வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. உயரமும் தோளும்தான் தெரிந்தன. கதவு நிலையில் சாய்ந்தான். பாட்டிலை இடது கையில் தூக்கி, அண்ணாந்து தண்ணீர் குடித்தான்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது என் வாயில் வந்துவிட்டது. 'வலது கையால குடிடா' என்று சத்தமாகவே சொன்னேன்.

'தண்ணிக்குத் தெரியுமாப்பா எந்தக் கைன்னு.'

எனக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். அம்மா என்றுகூட இல்லை, உங்களிடம் சொல்வது போல அப்பா என்றே வந்தது. திரும்பினால் போய்விடும் என்று நான் திரும்பாமலே நின்றேன்.

சௌமியாதான் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அது ஃபைசான், படம் எடுத்த அன்று தண்ணீர் குடிக்க வந்து நின்றான், ஆள் நடந்தால்தான் அறைக்கு ஆழம் தெரியும் என்று வெட்டாமல் வைத்தேன், வீட்டைத் திருப்பியபோது அவனும் திரும்பிவிட்டான் என்றாள். அவன் வலது கைதான் சுவரில் இடது கையாகிவிட்டது. மூலைகளைச் சரிபார்த்த அவசரத்தில் கையைக் கவனிக்கவில்லை என்று அழுதாள். கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. பேசியவனும் ஃபைசான்தான். 'தானா வந்துருச்சு பெரிம்மா. செவத்துக்கு அந்தாண்ட தெனமும் கேட்டதுதானே. சொல்லணும்னு சொல்லல' என்று அவனும் அழுதான்.

அதோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. மறுநாளும் போடச் சொன்னேன். ஃபைசானுக்கு நானே போன் பண்ணி வரச் சொன்னேன். வட்டத்தில் நின்று அதையே சொன்னேன், அவன் பின்னால் நின்று அதையே சொன்னான். அடுத்த நாளும் அப்படித்தான். மத்தியானத்திலிருந்தே இருட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். உலை வைத்ததைக்கூட மறந்து சோறு குழைந்தது. சௌமியா போதும்மா என்றாள். எனக்குப் போதவில்லை. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

பிறகு கரீமா வந்தாள். காலையிலேயே, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். டீ கொடுத்தேன், தொடவில்லை. 'அக்கா, ஒங்க துக்கம் எனக்குத் தெரியாததில்ல. அவனத் தூக்குனதே நாங்கதானே. ஆனா உசுரோட இருக்குற எம் புள்ளைய மௌத்தான புள்ளையா ஆக்கிடாதீங்க' என்றாள். ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டேன், ஏதோ தெரியாதவள் போல. 'எடக்கையில குடிக்கக் கூடாதுன்னு சின்னதுலேயே சொல்லி வளத்த புள்ளக்கா. நேத்து வீட்ல தண்ணிய எடக்கையில எடுத்தான். நான் பாத்துட்டேன். அவனுக்கே தெரியல' என்றாள்.

என் பிள்ளையைச் சுவரிலிருந்து இழுப்பதாக நினைத்துக்கொண்டு அவள் பிள்ளையைச் சுவருக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அன்று மரத்தை விலக்கியவன் ஃபைசான்தான், அத்தான். கை கிழிந்து ரத்தம் ஒழுக நின்றவன். நாம் இரண்டு பேரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் கப்பல் ஏறிவிட்டீர்கள், நான் அவனை வரச் சொல்லிப் பேச வைத்தேன். எவ்வளவு நல்ல அக்கம்பக்கம் பாருங்கள்.

கரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழித்துவிடச் சொல்கிறேன் என்றேன். சௌமியாவைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே சொல்லவும் சொன்னேன். சௌமியா சரி என்றாள். அன்று மாலையே ஃபைசான் வந்து, 'இருக்கட்டும் பெரிம்மா, பெரிப்பா ஒரு தடவ பாக்கட்டும். அவரு இன்னும் பாக்கவே இல்லையே' என்றான். படத்தைச் சொல்கிறானா, வேறு எதையாவது சொல்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ரீதர் முகத்தைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றது அவனுக்கும் தெரியும்.

கரீமாவிடம் திரும்பக் கேட்டேன். நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, நீங்கள் வந்தால் மட்டும். அன்றைக்கு ஃபைசான் வெளிச்சத்தில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவன் வலது கையை அவள் பிடித்துக்கொண்டிருப்பாள், முடிந்ததும் ஓதி ஊதி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள். அவன் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வரும் அந்தப் படத்துண்டை அழித்துவிட வேண்டும். சௌமியா அறையை மட்டும் வைத்துக்கொள்வாள், காலியாகவே இருக்கட்டும் என்கிறாள்.

இந்த மாதக் கடைசிக்கு முன் கேம்ப்பெல் பேயிலிருந்து ஒரு கப்பல் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அது தவறினால் அடுத்த கப்பலில் வரும்போது சுவர் இருக்காது. உங்கள் ஆபீசரிடம் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், மகனைப் பார்க்க வேண்டும் என்றே சொல்லுங்கள். அது பொய் இல்லை.

வட்டத்தில் இப்போது யாரையும் நிற்க விடுவதில்லை. அது உங்கள் இடம். நின்று பாருங்கள். அவன் அடுப்படியிலிருந்து வருவான், நிலையில் சாய்வான், இடது கையில் எடுத்துக் குடிப்பான். நீங்கள் எப்போதும் சொல்வதைச் சொல்லுங்கள்.

இந்தத் தடவை பதில் வராது. வராத அந்தப் பதிலை என்னால் தனியாகக் கேட்க முடியாது அத்தான். வந்துவிடுங்கள்.

உங்கள்
அமிர்தவல்லி