கிளியனூர்ச் சுவரில் தலைகீழாய் ஒரு படம்

என் அமலா அண்ணிக்கு,

ரேஷன் கடைச் சுவரில் நீங்கள் மாதாமாதம் வரைந்த கிணற்றுப் படம் வெளுத்துவிட்டது. மேலே தரை, கீழே தண்ணீர், அடியில் ஒரே வரி: "தண்ணி இறங்கிடுச்சு, இந்தப் போகம் மல்லாட்டை போதும்." நெல்லா, வேர்க்கடலையா என்று ஊர் அதைப் படித்துவிட்டுத்தான் விதைக்கப் போகும்.

இப்போது அதன்மேல் யாரோ திண்டிவனத்தில் அச்சடித்த ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். 'நிலத்தடி நீர்மட்ட ஆழம்.' வரிசையாக நீலப் பட்டைகள். தண்ணீர் எவ்வளவு கீழே போனதோ, பட்டை அவ்வளவு உயரம். ஊர் 'ஆழம்' என்பதைப் படிக்கவில்லை, நீலத்தைத்தான் பார்த்தது. தண்ணீர் ஏறுகிறதென்று டீக்கடையில் ஒரே குஷி. எனக்குச் சிரிப்புதான் வந்தது, நம்ம அந்தோணி அண்ணன் நெல்லுக்கு உழ ஆரம்பிக்கும்வரை.

"அண்ணா, அது தண்ணி இல்ல, பள்ளம்" என்றேன்.

"போம்மா. நீயும் உங்க அண்ணியும் எப்பப் பாரு பயம் காட்டிக்கினே இருப்பீங்க. போர்டுல ஏறிக்கினு வருது பாரு."

உங்கள் பேச்சை எடுத்ததும் நான் எழுந்து வந்துவிட்டேன். நமக்கு இருப்பது ஒரே போர் கிணறு. அது வற்றினால் மாட்டுக்கும் தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. இத்தனை வருஷம் ஊர் நம்பியது உங்கள் படத்தையா, உங்களையா அண்ணி?

நேற்று ஆத்திரத்தில் ஃபிளெக்ஸை அவிழ்த்துத் தலைகீழாகக் கட்டினேன். எழுத்தெல்லாம் குப்புறக் கிடந்தது. பட்டைகள் கிணற்றில் விட்ட கயிறு மாதிரி மேலிருந்து தொங்கின. "பைத்தியமா உனக்கு?" என்று கத்திக்கொண்டு வந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். இருப்பதிலேயே நீளமான பட்டையின் நுனியில் கை வைத்தார்.

"இது எந்த மாசம்?"

"இந்த மாசம்தான்."

"இவ்ளோ கீழயா?" என்றவர், வயல் பக்கம் திரும்பி, "நாத்து விட்டுட்டனேம்மா. அவ இருந்தா விட்டிருப்பாளா?" என்றார்.

இப்படிப் பாதியில் கண்ணை மூடியதற்கு உங்கள்மேல்கூடக் கோபம் வந்தது. நாற்று பச்சைப்பசேலென்று நின்றது.

இன்று ஃபிளெக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டு, சுவரில் உங்கள் படத்தையே வரைந்தேன். அடியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பிரஷ்ஷோடு நின்றேன். சொன்னால் இந்த ஊர் நம்புமா? பின்னாலேயே நின்ற அண்ணன்தான் சொன்னார்.

"எழுதும்மா. 'அந்தோணி நாத்தை மாட்டுக்கு விட்டுட்டான். மல்லாட்டை போடறான்.'"

அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஃபிளெக்ஸைக் கேட்டு யாராவது வந்தால் வரட்டும். இனி மாதாமாதம் அந்தச் சுவரில் தரை மேலேதான் இருக்கும், தண்ணீர் கீழேதான் இருக்கும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு சண்டை போட்டே பழகிய நாத்தனார்,
ஸ்டெல்லா