விடு என்றால் பிடி

பந்தேஜி,

மழை தொடங்கிவிட்டது, துணியெல்லாம் பூசணம் பிடிக்குமே என்று போன வாரம் அலமாரியைத் திறந்தேன். அடியில், ஆஸ்பத்திரியிலிருந்து நான் எடுத்து வந்த உங்கள் துண்டு கிடந்தது. முழங்காலுக்கு நீங்கள் தேய்க்கும் பச்சைத் தைலத்தின் வாசனை அதிலிருந்து இன்னும் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்டால் கேட்கட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் சொல்ல நீங்கள் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். கடைசியாகச் சொன்னீர்களே ஒரு சொல், அதற்கு என்ன அர்த்தம்?

மும்பை தேவ்நாரில் எங்கள் சந்துக்குப் பின்னால் மராத்திக்காரர்கள் கட்டிய புத்த விஹாரில், தாய்லாந்திலிருந்து வந்த பிக்கு ஒருவர், பந்தேஜி என்று கூப்பிடுவார்களாம், பெண்களுக்குச் சண்டை சொல்லித் தருகிறார் என்று பக்கத்து வீட்டு மைமூன் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. சாமியாருக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். உங்கள் மடத்தில் அந்தக் காலத்திலிருந்தே வரும் வித்தை என்றாள். அப்போது என் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. வாஷி ஆபீசிலிருந்து திரும்பும்போது, ஸ்டேஷனுக்கு வெளியே பைக்கில் வந்தவன் என் பையை இழுத்தான். நான் விடவில்லை. ரோட்டில் கொஞ்ச தூரம் இழுபட்டுப் போனேன். பையை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று வீட்டில், ஆபீசில், சர்ச்சில் எல்லோரும் ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டார்கள். நான் விஹாருக்கு வந்து எட்டிப் பார்த்த அன்று நீங்கள் மட்டும் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் இரண்டை எடுத்து, "நல்ல கை" என்றீர்கள். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

பிக்கு பெண்ணைத் தொடக் கூடாது. உங்கள் ஊரில் பெண்கள் கொடுக்கும் காணிக்கையைக்கூட ஒரு துணியை விரித்து அதில்தான் வாங்குவீர்களாம். அதே யோசனையில் ஒரு நீளத் துண்டை முறுக்கி, ஒரு முனையை எங்கள் பக்கம் போட்டீர்கள். நீங்கள் இழுப்பீர்கள், நாங்கள் காலை ஊன்றி நிற்க வேண்டும். இழுக்கிறவன் மொத்த பலத்தையும் போட்டுப் பின்னால் சாயும்போது சட்டென்று விட்டுவிட்டால் அவனே மல்லாக்க விழுவான். பாடத்துக்கு இரண்டே கட்டளை, பிடி, விடு. அந்த இரண்டும்தான் உங்களுக்குக் குழம்பித் தொலைத்தன.

முதல் நாள் "விடு" என்று கத்தினீர்கள். விட்டோம். நீங்கள் பிடிக்கச் சொல்லித்தான் கத்தியிருக்கிறீர்கள். காவி உடையோடு தரையில் போய் விழுந்தீர்கள். நாங்கள் பயந்துபோய் நிற்க, நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை திருத்திப் பார்த்தேன், உங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மைமூன்தான் தீர்ப்புச் சொன்னாள்.

"விடுங்கக்கா. அவரு விடுன்னா நாம புடிச்சிக்கிடுவோம். வெளிய உள்ளவனுக்கு என்ன தெரியப் போவுது?"

அன்றிலிருந்து அந்த விஹார்க் கூடத்துக்குள் விடு என்றால் பிடி, பிடி என்றால் விடு. அப்படியே இருந்திருக்கலாம்.

நெஞ்சு கெட்டுப்போய் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது லீவு போட்டு வந்து உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரிந்த தமிழில் வேறு என்ன பேசுவது? பழையபடி பாடம் நடத்தினேன். டம்ளரை எடுத்து, பிடி என்றேன். மேசைமேல் வைத்து, விடு என்றேன். நீங்களும் எடுத்து வைத்துச் சொல்லிக் காட்டினீர்கள். ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் மாறிப்போகும்.

கடைசி நாளன்று உங்களோடு இருந்த சின்ன பிக்கு சாப்பிடக் கீழே போயிருந்தார். உச்சிக்குப் பிறகு நீங்கள் யாரும் சாப்பிடக் கூடாதே என்று நான்தான் அவரை விரட்டினேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு மூச்சு இழுத்தது. கை மெத்தையைத் துழாவியது. ஓடி வந்த நர்ஸ் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே, கையைப் பிடித்துக்கொள் என்று என்னை இந்தியில் அதட்டினாள். எப்படிப் பிடிப்பேன்? வாழ்நாள் முழுக்க நீங்கள் காத்த விரதத்தை நானா கெடுப்பேன்? தலைமாட்டில் கிடந்த துண்டின் ஒரு முனையை உங்கள் விரலில் படும்படி போட்டேன், மறுமுனையை நான் பற்றினேன். நீங்களும் இறுகப் பற்றினீர்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"விடு."

பிடித்தேன். யோசிக்கவே இல்லை, கூடத்துப் பழக்கம். மறுபடியும் சொன்னீர்கள். இன்னும் இறுக்கினேன். பிறகு உங்கள் பக்கத்தில் இழுவை இல்லை.

எந்த விடு, பந்தேஜி? கூடத்து விடுவா, டம்ளரை வைத்து நான் சொல்லிக் கொடுத்த விடுவா? என்னைத் தனியே விடாதே என்று கெஞ்சினீர்களா, போக விடு என்று கெஞ்சினீர்களா? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்தால் அந்த ஞாபகம். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாயில் அந்தச் சொல்தான் வருகிறது. சின்ன பிக்குவிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் முகம் அமைதியாக இருந்தது என்றார். அந்த அமைதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மைமூனிடமும் சொன்னேன். "நம்மட்ட வேற எப்பம் விடுன்னு சொல்லியிருக்காரு? புடிக்கத்தான் சொன்னாருக்கா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது.

நேற்று துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். உங்கள் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். எதிர்முனையில் மைமூன். இழுத்தேன், அவள் ஊன்றி நின்றாள். கட்டளைக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு சொல்லும் வரவில்லை. இழுத்துக்கொண்டே நின்றேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

அழுகையோடு "விடு" என்று வந்துவிட்டது. அவள் பிடித்தாள். பின்னால் நின்ற பெண்களும் ஓடி வந்து அவளோடு சேர்ந்து பிடித்தார்கள். நான் மறுபடியும் விடு, விடு என்றேன். ஒருத்தியும் விடவில்லை.

எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கே தெரியாது, பந்தேஜி. உங்கள் முனை என் கையில் இருக்கிறது.